பைடெஸ்ட்.ரெய்சஸ்(எக்செப்ஷன்) என்று எழுதிய டெஸ்ட்டை ரிவ்யூவில் தள்ளிவிட்டார்கள், ஏன்?

சுக்குகாபி

வணக்கம். வேலையில் ஒரு சிஎஸ்வி இம்போர்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன். பைத்தான் 3.12, டெஸ்ட்டுக்குப் பைடெஸ்ட். ஒரு வரியில் மூன்று புலங்கள்தான்: ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளைக் குறியீடு), கணக்கு எண், தொகை. வரியில் தப்பு இருந்தால் எக்செப்ஷன் வர வேண்டும், மேலே இருக்கிற கோட் அதைப் பிடித்து எந்த வரி, என்ன தப்பு என்று பயனருக்குக் காட்டும். இதற்கு நான் எழுதிய டெஸ்ட் (ரெய்சஸ் பிளாக்குக்குள் அதில் சொன்ன வகை எக்செப்ஷன் வந்தால் தேறும்):

டெஃப் டெஸ்ட்_தப்பான_ஐஎஃப்எஸ்சி():
    வித் பைடெஸ்ட்.ரெய்சஸ்(எக்செப்ஷன்):
        வரி = வரியாக்கு(தப்பான_வரி)
        சரிபார்(வரி)

ஓடுகிறது, பச்சை காட்டுகிறது, கவரேஜும் 100 சதவீதம். ஆனால் ரிவ்யூவில் "இந்த டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை" என்று ஒரே ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள், விளக்கம் எதுவும் இல்லை. தப்பான வரி கொடுத்தேன், எக்செப்ஷன் வந்தது. இதற்கு மேல் என்ன சோதிக்க வேண்டும்? சும்மா நோண்டுகிறார்களா, நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா?

அரைப்புள்ளி

ஒன்று செய்து பாருங்கள். டெஸ்ட்டில் சரிபார் என்பதைச் சரிபர் என்று வேண்டுமென்றே தப்பாக எழுதி ஓட்டுங்கள்.

சுக்குகாபி

அப்போதும் பச்சை. அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லையே, எப்படி?

அரைப்புள்ளி

இல்லாத பெயரைக் கூப்பிட்டால் நேம்எரர் வரும். நேம்எரரும் எக்செப்ஷன்தான். டைப்எரர், அட்ரிபியூட்எரர், இம்போர்ட்எரர் எல்லாம் அந்தக் குடும்பம்தான். நீங்கள் ரெய்சஸுக்குள் எக்செப்ஷன் என்று போட்டதால் இவற்றில் எது வந்தாலும் டெஸ்ட் தேறிவிடும். அதாவது உங்கள் டெஸ்ட் "இந்த கோட் எப்படியோ உடைய வேண்டும்" என்று மட்டும் கேட்கிறது. உடைந்த கோட் அதில் எப்போதும் தேறும், ரிவ்யூ செய்தவர் சொன்னது சரிதான்.

சுக்குகாபி

சரி, புரிகிறது. என் கோட் வேல்யூஎரர்தான் எழுப்புகிறது, அதனால் டெஸ்ட்டிலும் வேல்யூஎரர் என்று மாற்றினேன். இப்போது பெயரைத் தப்பாக எழுதினால் சிவப்பு வருகிறது. போதும்தானே?

கீழ்வானம்

போதாது என்று நினைக்கிறேன். அந்தத் தப்பான_வரி என்ன, வரியாக்கு என்ன செய்கிறது, இரண்டையும் போடுங்கள்.

சுக்குகாபி

வரியாக்கு சின்னதுதான்:

டெஃப் வரியாக்கு(உரை):
    கிளை, கணக்கு, தொகை = உரை.ஸ்பிளிட்(",")
    ரிட்டர்ன் வரி(கிளை, கணக்கு, டெசிமல்(தொகை))

தப்பான_வரியில் ஐஎஃப்எஸ்சியின் ஐந்தாவது இடத்தில் பூஜ்ஜியத்துக்குப் பதிலாக 7 இருக்கிறது. கணக்கு எண் சாதாரணம். தொகை 1,00,000.

கீழ்வானம்

பிடிபட்டது. தொகையில் இருக்கிற காற்புள்ளிகளைப் பாருங்கள். ஸ்பிளிட் மூன்று துண்டுக்குப் பதிலாக ஐந்து துண்டு கொடுக்கும். மூன்று பெயருக்கு ஐந்து மதிப்பு என்றால் பைத்தான் அங்கேயே வேல்யூஎரர் எழுப்பும். சரிபார் என்ற ஃபங்ஷன் கூப்பிடப்படவே இல்லை, ஐஎஃப்எஸ்சியை யாரும் பார்க்கவில்லை. டெஸ்ட் பெயர் தப்பான ஐஎஃப்எஸ்சி, தேறியது காற்புள்ளியால்.

சந்தேகம் இருந்தால் சரிபார் உடலை முழுக்க அழித்துவிட்டு வெறும் பாஸ் என்று போட்டு ஓட்டுங்கள். பச்சையாகவே இருக்கும்.

கவரேஜ் 100 வருவதற்குக் காரணம் வேறு ஏதோ டெஸ்ட் அந்தக் கோட் வழியாகப் போய் வருவது. ஒரு வரி ஓடியதா என்று மட்டும்தான் கவரேஜுக்குத் தெரியும்.

இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, வித் பிளாக்குக்குள் ஒரே ஒரு கூப்பிடுதல்தான் இருக்க வேண்டும். வரியாக்கு(தப்பான_வரி) வெளியே, வித்துக்கு மேலே. அதில் எக்செப்ஷன் வந்தால் டெஸ்ட் சிவப்பாக வெடிக்கட்டும், அப்போதுதான் டெஸ்ட்டுக்கான முன்தயாரிப்பில் இருக்கிற கோளாறு தெரியும். இரண்டாவது, தப்பான_வரி மற்ற எல்லா வகையிலும் சரியான வரியாக இருக்க வேண்டும். ஐஎஃப்எஸ்சியில் அந்த ஒரு எழுத்து மட்டும்தான் கோளாறு. சரியான வரியை எடுத்து ஒரே ஒரு புலத்தை மாற்றித் தருகிற சின்ன ஃபங்ஷன் எழுதிவைத்தால் இது தானாக நடக்கும்.

அப்புறம், சிஎஸ்விக்கு ஸ்பிளிட் வேண்டாம், சிஎஸ்வி மாட்யூலே இருக்கிறது. மேற்கோளுக்குள் வரும் காற்புள்ளியை அது சரியாகக் கையாளும். அது இந்த இழைக்கு வெளியே.

நள்ளிரவு_டெப்ளாய்

கீழ்வானம் அக்கா சொன்னதை ஆள் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, கோடை ஓட்டாமலே தப்புக் கண்டுபிடிக்கும் ரஃப் என்ற கருவியில் பைடெஸ்ட் விதிகளை இயக்கினாலே பிடித்துக்கொடுக்கும். பிடி012 என்பது ரெய்சஸ் பிளாக்குக்குள் ஒன்றுக்கு மேல் இருந்தால் திட்டும். பிடி011 என்பது வேல்யூஎரர், ஓஎஸ்எரர் மாதிரி ரொம்ப அகலமான வகையை மேட்ச் (செய்தியைச் சோதிக்கிற அளபுரு) இல்லாமல் போட்டால் திட்டும். பி017 என்பது எக்செப்ஷனையே போட்டால் திட்டும், அது ஃப்ளேக்8 பக்பேர் என்ற பழைய செருகுநிரலிலிருந்து வந்தது. மூன்றும் உங்கள் டெஸ்ட்டுக்காகவே எழுதின மாதிரி இருக்கின்றன.

வேல்யூஎரர் ஏன் அகலம் என்றால், அதற்குக் கீழே யூனிகோட்டிகோட்எரர் இருக்கிறது, ஜேசன் மாட்யூலின் ஜேசன்டிகோட்எரர் இருக்கிறது. ரெய்சஸ் துணை வகைகளையும் ஏற்றுக்கொள்ளும். ஃபைல் தப்பான என்கோடிங்கில் இருந்தாலும் உங்கள் டெஸ்ட் தேறும். சரியாக அதே வகைதானா என்று பார்க்க வேண்டுமென்றால் ரெய்சஸ் தருகிற ஆப்ஜெக்ட்டை எக்ஸ்இன்ஃபோ என்று வாங்கி, எக்ஸ்இன்ஃபோ.டைப் ஈஸ் வேல்யூஎரர் என்று வித்துக்கு வெளியே அசர்ட் போட வேண்டும். ஆனால் பெரும்பாலும் அதற்குத் தேவை இருக்காது.

வித்துக்கு வெளியே என்று அழுத்திச் சொல்கிறேன். எக்செப்ஷன் வந்த வரிக்குக் கீழே, அதே பிளாக்குக்குள் எழுதிய அசர்ட் ஒருநாளும் ஓடாது. உள்தள்ளல் ஒரு படி தப்பினால் போதும், அந்த அசர்ட் அலங்காரமாக நின்றுவிடும். கோட் தேடினால் எந்த ப்ராஜெக்ட்டிலும் குறைந்தது ரெண்டு கிடைக்கும்.

வெண்டைக்காய்

நான் ஜாவா ஆள். இது எங்களுக்குப் பழைய கதை. ஜேயூனிட் 4-ல் டெஸ்ட் அனோடேஷனுக்குள் எக்ஸ்பெக்டட் என்று கிளாஸ் பெயர் கொடுத்தால் முடிந்தது, மெத்தட் முழுவதிலும் எந்த வரியில் அந்த எக்செப்ஷன் வந்தாலும் தேறிவிடும். சுக்குகாபியின் அதே பிரச்சினை, ஆனால் கருவியே அழைத்துப் போய் விழவைக்கும். பிறகு எக்ஸ்பெக்டட்எக்செப்ஷன் என்று ஒரு ரூல் வந்தது, 4.13-ல் அதை டெப்ரிகேட் செய்துவிட்டு அசர்ட்த்ரோஸ் கொடுத்தார்கள். ஜேயூனிட் 5-ல் தொடக்கத்திலிருந்தே அசர்ட்த்ரோஸ்தான். லாம்டாவுக்குள் ஒரே கூப்பிடுதல், திரும்பி வருவது அந்த எக்செப்ஷன் ஆப்ஜெக்ட், அதை வைத்து மேற்கொண்டு என்ன வேண்டுமானாலும் பார்க்கலாம். வகை சரியாக அதுவேதானா என்று பார்க்க 5.8-ல் அசர்ட்த்ரோஸ்எக்ஸாக்ட்லி வந்தது.

அதற்கும் முந்தின காலத்து வழி ஒன்று இருக்கிறது, இன்னமும் பலர் எழுதுகிறார்கள்: ட்ரைக்குள் கூப்பிட்டு, அடுத்த வரியில் ஃபெயில், கீழே கேட்ச். கேட்சில் சோம்பல்பட்டு த்ரோவபிள் என்று போட்டால் ஃபெயில் எழுப்புகிற அசர்ஷன்எரரையும் அதே கேட்ச் விழுங்கிவிடும். எக்செப்ஷன் வந்தாலும் பச்சை, வராவிட்டாலும் பச்சை.

அரைப்புள்ளி

பைத்தானில் இது ஜாவாவை விட மோசம். ஜாவாவில் கேட்ச் எக்செப்ஷன் என்று போட்டால் அசர்ஷன்எரர் தப்பிவிடும், ஏனென்றால் அது எரர் பக்கத்துக் கிளை. பைத்தானில் அசர்ஷன்எரர் எக்செப்ஷனின் கீழேயே இருக்கிறது. ஆகவே

ட்ரை:
    சரிபார்(வரி)
    அசர்ட் ஃபால்ஸ்
எக்செப்ட் எக்செப்ஷன்:
    பாஸ்

என்று எழுதினால் அது ஒருபோதும் தோற்காத டெஸ்ட். பைடெஸ்ட்.ஃபெயில் என்று போட்டால் தோற்கும், அது எக்செப்ஷன் வழியாக வராமல் பேஸ்எக்செப்ஷனிலிருந்து வருவதால் எக்செப்ட் எக்செப்ஷனில் சிக்காது. ஆனால் அதற்கு ரெய்சஸையே போட்டுவிட்டுப் போகலாமே.

சுக்குகாபி

அக்கா, நீங்கள் சொன்னபடி பிரித்துவிட்டேன், சரிபார் காலியாக இருந்தால் சிவப்பு வருகிறது. இப்போது இன்னொரு கேள்வி. கணக்கு எண் தப்பானாலும் வேல்யூஎரர், ஐஎஃப்எஸ்சி தப்பானாலும் வேல்யூஎரர். எது தப்பு என்று செய்தியில்தான் இருக்கிறது. மேட்ச் போட்டுச் செய்தியையும் சோதிக்கலாமா? செய்திகள் தமிழில் இருக்கின்றன, உதாரணமாக "வரி 1: தொகை (ரூ.) செல்லாது".

நள்ளிரவு_டெப்ளாய்

போடுங்கள், ஆனால் மேட்ச் என்பது ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதுவும் ரீ.சர்ச் முறையில் எங்கே பொருந்தினாலும் போதும் என்கிற வகை. உங்கள் செய்தியை அப்படியே போட்டால் அடைப்புக்குறி குழுவாக மாறிவிடும், நிஜ அடைப்புக்குறியோடு பொருந்தாது, டெஸ்ட் தோற்கும். தோற்றால் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். எதிர்ப்பக்கம்தான் ஆபத்து: "வரி 1" என்று மட்டும் போட்டால் வரி 12-க்கும் பொருந்தும், வரி 199-க்கும் பொருந்தும். ரீ.எஸ்கேப் போடுங்கள், தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கிற நங்கூரக் குறி முன்னும் பின்னும் போடுங்கள்.

கீஎரர் என்றால் இன்னொரு வேடிக்கை. அதை எழுத்தாக்கினால் சாவியைச் சுற்றி மேற்கோள் குறி சேர்ந்து வரும். முதல் எழுத்தில் நங்கூரம் போட்டால் பொருந்தவே பொருந்தாது.

பழைய பைடெஸ்ட்டில் ரெய்சஸுக்கு மெசேஜ் என்று ஓர் அளபுரு இருந்தது. செய்தியைச் சோதிக்கும் என்று நம்பிப் பலர் அதைப் போட்டார்கள். உண்மையில் அது டெஸ்ட் தோற்றால் காட்டுகிற செய்தி, எதையும் சோதிக்காது. 4.1-ல் டெப்ரிகேட் செய்து 5.0-ல் தூக்கிவிட்டார்கள். இணையத்தில் பழைய பதில்களில் இன்னும் கிடக்கிறது, காப்பி அடிக்காதீர்கள்.

திண்ணைப்பள்ளி

தமிழ்ச் செய்தி என்பதால் ஒன்று சேர்க்கிறேன், இது ஆங்கிலச் செய்தி எழுதுபவர்களுக்கு வராத தலைவலி. "தொகை" என்ற சொல்லில் இருக்கிற "தொ" யூனிகோடில் இரண்டு விதமாக வரலாம். ஒகர உயிர்க்குறி ஒரே குறியாக இருக்கலாம், எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாகச் சேர்ந்தும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பைத்தான் சரங்களை ஒப்பிடும்போது இரண்டும் வேறு வேறு. செய்தி ஒரு கீபோர்டில் அடித்தது, டெஸ்ட் வேறு கீபோர்டில் அடித்தது என்றால் கண்ணுக்கு ஒரே செய்தி, மேட்ச் தோற்கும், மணிக்கணக்கில் உட்கார்ந்து வெறித்துப் பார்க்க வேண்டியதுதான். யூனிகோட்டேட்டா.நார்மலைஸ் கொண்டு இருபக்கமும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், மாறிப் பெயர்கள், ஃபங்ஷன் பெயர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பைத்தான் 3 அவற்றைப் படிக்கும்போதே ஒருமைப்படுத்திவிடுகிறது. நீங்கள் தமிழில் வைத்திருக்கிற பெயர்களெல்லாம் பத்திரம். மேற்கோளுக்குள் இருப்பதைத்தான் அது தொடாது.

கீழ்வானம்

நான் இதில் முரண்படுகிறேன். செய்தியைச் சோதிப்பதே தப்பான இடத்தில் போய் நிற்பது. செய்தி மனிதர் படிக்க. நாளைக்கு யாராவது "செல்லாது" என்பதை "சரியில்லை" என்று மாற்றுவார்கள், நாற்பது டெஸ்ட் சிவப்பாகும், ஆனால் கோட் சரியாகத்தான் இருக்கும். அப்படி நாலு தடவை நடந்தால் யாரும் சிவப்பை மதிக்க மாட்டார்கள், டெஸ்ட்டை மாற்றித் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

சுக்குகாபி, மேலே இருக்கிற கோட் அந்த எக்செப்ஷனைப் பிடித்து என்ன செய்யப் போகிறது? எந்த வரி, எந்தப் புலம் என்று காட்டப் போகிறது. அப்படியானால் அந்தத் தகவல் எக்செப்ஷனுக்குள் தனியாக இருக்க வேண்டும், வாக்கியத்துக்குள் புதைந்து கிடக்கக் கூடாது. வரிப்பிழை என்று சொந்தமாக ஒரு கிளாஸ், வேல்யூஎரருக்குக் கீழே, அதில் வரி_எண், புலம், காரணம் என்று மூன்று. டெஸ்ட்டில்

வித் பைடெஸ்ட்.ரெய்சஸ்(வரிப்பிழை) ஆஸ் எக்ஸ்இன்ஃபோ:
    சரிபார்(வரி)
அசர்ட் எக்ஸ்இன்ஃபோ.வேல்யூ.புலம் == "ஐஎஃப்எஸ்சி"

இவ்வளவுதான். காற்புள்ளிக் கோளாறு வந்தால் அது வெறும் வேல்யூஎரர், வரிப்பிழை இல்லை, டெஸ்ட் உடனே சிவக்கும். செய்தியை யார் எப்படி மாற்றினாலும் கவலையில்லை. எழுத்துவடிவச் சண்டையும் இல்லை.

வெண்டைக்காய்

மூன்று புலம் இருக்கிற ஒரு சிஎஸ்விக்கு எக்செப்ஷன் கிளாஸ், அதற்கு அட்ரிபியூட், அதற்கு டெஸ்ட்... ஜாவாக்காரன் நானே சொல்கிறேன், கொஞ்சம் அதிகம். சின்ன ஸ்கிரிப்ட் என்றால் மேட்சில் புலத்தின் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகலாம். முழு வாக்கியம் வேண்டாம், பெயர் மட்டும். வாக்கியம் மாறினாலும் புலத்தின் பெயர் மாறாது.

கீழ்வானம்

ஒருமுறை ஓட்டித் தூக்கிப்போடுகிற ஸ்கிரிப்ட் என்றால் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே அந்த எக்செப்ஷனை இன்னொரு கோட் பிடித்துப் பயன்படுத்துகிறது. அது இல்லாத அட்ரிபியூட்டுக்குப் பதிலாகச் செய்தியை வெட்டி எடுத்துப் புலத்தைக் கண்டுபிடிக்கும், எத்தனையோ இடத்தில் பார்த்தாயிற்று. அப்புறம் அந்தச் செய்தியை யாரும் தொட முடியாது.

அரைப்புள்ளி

கிளாஸ் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்த டெசிமல்(தொகை) வரியைக் கவனியுங்கள் சுக்குகாபி. டெசிமலுக்குக் கன்னாபின்னா உரை கொடுத்தால் வேல்யூஎரர் வராது. டெசிமல்.இன்வாலிட்ஆப்பரேஷன் வரும், அது அரித்மெட்டிக்எரர் குடும்பம். இன்ட், ஃப்ளோட் இரண்டும் வேல்யூஎரர், டெசிமல் மட்டும் வேறு. மேலே எக்செப்ட் வேல்யூஎரர் என்று வைத்திருந்தால் தொகையில் "ஏழு" என்று ஒருவர் எழுதினாலே முழு இம்போர்ட்டும் விழும். அதைப் பிடித்து வரிப்பிழையாக மாற்றி எழுப்புங்கள், ரெய்ஸ் ஃப்ரம் போட்டு. மூலப்பிழை டண்டர் காஸில் (இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்ட காஸ் என்ற அட்ரிபியூட்) இருக்கும், வேண்டுமென்றால் டெஸ்ட்டில் அதையும் பார்க்கலாம்.

திண்ணைப்பள்ளி

அதைவிட எக்செப்ஷன் வரும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்க, வராமலே போகிற உரைகள் முக்கியம். டெசிமல் எதையெல்லாம் ஏற்றுக்கொள்ளும் என்று பாருங்கள். என்ஏஎன் என்று மூன்று ஆங்கில எழுத்து எழுதினால் ஏற்கும், அப்புறம் அது பூஜ்ஜியத்தை விடச் சிறியதா என்று நீங்கள் கேட்கிற இடத்தில்தான் இன்வாலிட்ஆப்பரேஷன் வரும், எங்கிருந்தோ. இன்ஃபினிட்டி ஏற்கும், பூஜ்ஜியத்தை விடப் பெரியது என்ற சோதனையிலும் தேறிவிடும், வாழ்த்துகள். 3.6 முதல் இலக்கங்களுக்கு நடுவில் அடிக்கோடும் ஏற்கும். முன்னும் பின்னும் இடைவெளி ஏற்கும்.

அப்புறம் நம் ஊர்ச் சங்கதி: ௧௨ என்று தமிழ் எண்ணில் கொடுத்தாலும் டெசிமலும் இன்ட்டும் அதை 12 என்று வாங்கிக்கொள்ளும், யூனிகோடில் அவையும் தசம இலக்கங்கள்தான். தொகைக்கு அது நல்லதாகக் கூட இருக்கலாம். கணக்கு எண்ணுக்கு? ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்கோடு டி போட்டிருந்தால் தமிழ் எண்களையும் அது ஏற்கும், கணக்கு எண் தமிழ் இலக்கத்தோடு அப்படியே டேட்டாபேஸுக்குள் போய் உட்காரும். சதுர அடைப்பில் 0-9 என்று வெளிப்படையாக எழுதுங்கள், இல்லையென்றால் ரீ.ஆஸ்கி கொடியைப் போடுங்கள்.

ஐஎஃப்எஸ்சிக்கு முதல் நான்கும் எழுத்தா என்று ஈஸ்ஆல்ஃபா கொண்டு பார்த்திருந்தால் "ஆஆஆஆ" என்பதும் தேறும். ரீ.மேட்ச் போட்டுக் கடைசியில் டாலர் குறி வைத்திருந்தால் வரி முடிவுக் குறி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தாலும் தேறும், ஏனென்றால் டாலர் கடைசி வரிமுடிவுக்கு முன்னாலும் பொருந்தும். ரீ.ஃபுல்மேட்ச் போடுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரு பாராமெட்ரைஸ் பட்டியலில் வைத்து ஒரே டெஸ்ட்டாக ஓட்டலாம்: 10 எழுத்து, 12 எழுத்து, ஐந்தாவது பூஜ்ஜியம் இல்லாதது, சிறிய எழுத்து, வரிமுடிவு ஒட்டியது, வெறும் இடைவெளி, காலி. சிறிய எழுத்தைப் பெரிதாக்கி ஏற்பதா, பிழை என்பதா என்று கோட் சொல்லாது, நீங்கள்தான் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பாதி நேரம் இந்த மாதிரி டெஸ்ட் எழுத உட்காரும்போதுதான் தேவையையே யாரும் முழுசாகச் சொல்லவில்லை என்று தெரியவரும்.

சுக்குகாபி

ஐயா, என்ஏஎன் ஏற்றுக்கொண்டுவிட்டது. தமிழ் எண்ணும் ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்று இதோடு போகும் போலிருக்கிறது.

இன்னொன்று. முழு ஃபைலையும் படிக்கிற வரிகளைப்_படி என்று ஒரு ஃபங்ஷன், ஒவ்வொரு வரியாக யீல்ட் செய்யும். அதற்கு ரெய்சஸ் போட்டால் "டிட் நாட் ரெய்ஸ்" என்று தோற்கிறது. தனியாக ஓட்டினால் எக்செப்ஷன் வருகிறது.

நள்ளிரவு_டெப்ளாய்

அது ஜெனரேட்டர். கூப்பிட்டால் உடல் ஓடாது, ஒரு ஜெனரேட்டர் ஆப்ஜெக்ட் மட்டும் கையில் வரும். முதல் நெக்ஸ்ட்டில்தான் ஓடத் தொடங்கும். டெஸ்ட்டில் லிஸ்ட்(வரிகளைப்_படி(ஃபைல்)) என்று சுற்றுங்கள், வரும்.

ஆனால் டெஸ்ட்டைச் சரிசெய்துவிட்டு நிறுத்தாதீர்கள், இது உங்கள் நிஜ கோடிலும் இருக்கும். ட்ரைக்குள் வரிகள் = வரிகளைப்_படி(ஃபைல்) என்று வைத்துவிட்டு, ட்ரைக்கு வெளியே ஃபார் ஓட்டினால் எக்செப்ஷன் ட்ரைக்கு வெளியேதான் வரும், உங்கள் எக்செப்ட் சும்மா நிற்கும். டிட் நாட் ரெய்ஸ் உண்மையைத்தான் சொன்னது.

அசிங்க் ஃபங்ஷனிலும் இதே. அவெய்ட் மறந்தால் உடல் ஓடாது.

கரையோரம்

ஜாவாஸ்கிரிப்ட்காரர்களுக்கு இது தலைகீழாகக் கடிக்கும். பைத்தானில் அவெய்ட் மறந்தால் டெஸ்ட் தோற்கும், எங்களுக்குத் தேறும். ஜெஸ்ட்டில் எக்ஸ்பெக்ட்(வாக்குறுதி).ரிஜெக்ட்ஸ்.டுத்ரோ என்று எழுதி முன்னால் அவெய்ட் போடாமலும் ரிட்டர்ன் செய்யாமலும் விட்டால் அந்தச் சோதனை முடிவதற்குள் டெஸ்ட் முடிந்து பச்சை வாங்கிவிடும். எக்ஸ்பெக்ட்.அசர்ஷன்ஸ்(1) என்று மேலே ஒரு வரி வைத்தால் எத்தனை சோதனை உண்மையில் ஓடியது என்று எண்ணிப் பார்க்கும். டுத்ரோவுக்கு ஃபங்ஷனைக் கொடுக்க வேண்டும், கூப்பிட்ட விளைவைக் கொடுக்கக் கூடாது என்பதும் புதியவர்கள் எல்லாரும் ஒருமுறை முட்டிக்கொள்கிற சுவர்.

கீழ்வானம்

இவ்வளவும் எக்செப்ஷன் வருகிறதா என்பது பற்றி. வந்த பிறகு என்ன நடக்கிறது என்று இன்னும் யாரும் கேட்கவில்லையே.

500 வரி ஃபைலில் 300-ஆவது வரி தப்பு என்று வையுங்கள். வரிப்பிழை வந்தது, புலம் சரி, வரி எண் சரி, டெஸ்ட் பச்சை. அதற்கு முந்தைய 299 வரிகள் டேட்டாபேஸில் ஏறிவிட்டனவா? பயனர் அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டு அதே ஃபைலை மறுபடி ஏற்றினால் 299 பேருக்கு இரண்டு முறை பணமா? ரெய்சஸ் பிளாக்குக்குக் கீழே, அட்டவணையில் ஒரு வரியும் சேரவில்லை என்று ஓர் அசர்ட் போடுங்கள். என்னைக் கேட்டால் வகை, செய்தி பற்றிய விவாதத்தை விட இந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

டொராண்டோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2014-ல் கசாண்ட்ரா, எச்பேஸ், எச்டிஎஃப்எஸ், மேப்ரெட்யூஸ், ரெடிஸ் ஆகிய ஐந்திலும் நடந்த 198 கோளாறுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். முழு அமைப்பையும் சாய்த்த பெரிய செயலிழப்புகளில் 92 சதவீதத்துக்குக் காரணம், மென்பொருள் தெளிவாகச் சொன்ன பிழையைக் கோட் சரியாகக் கையாளாதது. பிழை வந்தது, யாரோ பிடிக்கவும் செய்தார்கள், பிடித்த இடத்தில் கோட் அரைகுறை. அந்தப் பெரிய செயலிழப்புகளில் 58 சதவீதத்தைப் பிழை கையாளும் கோடுக்குச் சாதாரண டெஸ்ட் எழுதியிருந்தாலே கண்டுபிடித்திருக்கலாம் என்றார்கள்.

வெண்டைக்காய்

ஏரியான் 5 ராக்கெட் வெடித்த கதையை யாரும் இன்னும் எடுக்கவில்லை, ஆச்சரியம்.

கீழ்வானம்

எடுக்கலாம், அது என் பக்கம்தான் பேசும். 1996 ஜூன் 4. 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணை 16 பிட் முழுஎண்ணாக மாற்றும்போது அடங்கவில்லை, அடா மொழி சரியாகவே எக்செப்ஷன் எழுப்பியது. ரெய்ஸ் ஆகிறதா என்று ஒரு டெஸ்ட் இருந்திருந்தால் தேறியிருக்கும். எக்செப்ஷன் வந்தால் அந்தக் கணினியை நிறுத்திவிடு என்பதுதான் கொள்கை, மாற்றுக் கணினியும் அதே கோடை ஓட்டியதால் அதுவும் நின்றது. இத்தனைக்கும் புறப்பட்ட பிறகு அந்தக் கணக்கே தேவையில்லாத ஒன்று.

உங்கள் கோடில் டேட்டாபேஸ் நடுவில் அறுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க நிஜமாக அறுக்க வேண்டியதில்லை. யூனிட்டெஸ்ட்.மாக்கில் சைட்_எஃபெக்ட்டாக ஓர் எக்செப்ஷனைக் கொடுத்தால் அந்தக் கூப்பிடுதல் அதை எழுப்பும். பட்டியலாகக் கொடுத்தால் முதல் இரண்டு முறை சரியாகப் போய் மூன்றாவது முறை விழ வைக்கலாம். அதுதான் நடுவில் அறுகிற நிலை.

சுக்குகாபி

பார்த்தேன். 299-உம் ஏறி நிற்கிறது. கமிட் ஒவ்வொரு வரிக்கும் நடக்கிறது, அதை மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் ரிவ்யூ செய்தவரிடம் காட்டினேன். "சரி" என்று ஒரே சொல் எழுதி, கூடவே இன்னொரு கோரிக்கை: முதல் தப்பிலேயே நிற்காமல் ஃபைலில் இருக்கிற எல்லாத் தப்பையும் ஒரே தடவையில் காட்ட வேண்டுமாம். எக்செப்ஷன்குரூப் பயன்படுத்தலாமா? அதை ரெய்சஸ் பிடிக்குமா?

வெண்டைக்காய்

ஒரு லிஸ்ட்டில் பிழைகளைச் சேர்த்து ரிட்டர்ன் செய்யுங்கள் ஐயா, எக்செப்ஷனே எதற்கு? தப்பான வரி இந்த மாதிரி ஃபைலில் தினமும் வருகிற விஷயம்.

அரைப்புள்ளி

இதில் வெண்டைக்காய் பக்கம் நான். சரிபார்ப்பு லிஸ்ட் தரட்டும், காலியாக இல்லாவிட்டால் இம்போர்ட் தொடங்கவே கூடாது. டெஸ்ட்டும் எளிது, இரண்டு லிஸ்ட்டை ஒப்பிட்டால் போதும். இரண்டு முறை பணம் போகிற பிரச்சினையும் பெரும்பாலும் அதோடு போய்விடும், டேட்டாபேஸ் அறுகிற நிலைக்கு மட்டும் ட்ரான்சாக்ஷன் வேண்டும்.

கேட்டதற்குப் பதில்: எக்செப்ஷன்குரூப் 3.11-ல் வந்தது, உங்களிடம் 3.12 என்பதால் இருக்கிறது. ஆனால் ரெய்சஸ்(வரிப்பிழை) அதற்குள் இருக்கிற வரிப்பிழையைப் பார்க்காது, குரூப் வேறு வகை. ரெய்சஸ்(எக்செப்ஷன்குரூப்) என்று பிடித்து எக்ஸ்இன்ஃபோ.வேல்யூ.எக்செப்ஷன்ஸ் என்ற தொகுப்பைப் பார்க்கலாம். பைடெஸ்ட் 8.4 என்றால் ரெய்சஸ்குரூப் இருக்கிறது: ரெய்சஸ்குரூப்(வரிப்பிழை, வரிப்பிழை) என்று கொடுத்தால் உள்ளே சரியாக இரண்டு இருக்க வேண்டும், மூன்று இருந்தால் தோற்கும், வரிசை எப்படி இருந்தாலும் சரி. புலத்தையும் சேர்த்துப் பார்க்க ஒவ்வொன்றையும் ரெய்சஸ்எக்ஸ்க்குள் வைத்துச் செக் என்ற அளபுருவுக்கு ஒரு லாம்டா கொடுங்கள். முதலில் உங்கள் பைடெஸ்ட் எந்தப் பதிப்பு என்று பாருங்கள், சிஐயில் (டெஸ்ட்களைத் தானாக ஓட்டுகிற சர்வர்) இருப்பது பெரும்பாலும் பழையதாக இருக்கும்.

சுக்குகாபி

சிஐயில் 7.4. லிஸ்ட்டே போதும், அப்படியே செய்கிறேன். எல்லாருக்கும் நன்றி.